மேற்கோள் குறி இல்லாத வரி

வான்மதி எழுதிய கணினி ஸ்கிரிப்ட் பழைய ஃபோல்டர்களை அழிப்பது. அழிக்க வேண்டிய பெயரை, ஓட்டும்போது ஒரு மாறியில் கொடுக்க வேண்டும். அந்த மாறியைச் சுற்றி அவள் மேற்கோள் குறி போடவில்லை. பெயரின் நடுவே இடைவெளி இருந்தால், கட்டளைகளை ஓட்டும் ஷெல் அதை இரண்டு பெயராக வெட்டி, இரண்டையும் அழித்துவிடும். ஸ்கிரிப்டைச் சரிபார்த்த சக ஊழியன் திருமாறனின் கண்ணில் அது பட்டது. எல்லார் முன்னாலும் அவள் மூக்குடைபடட்டும் என்று, வாயே திறக்காமல் ஒப்புதல் கொடுத்தான்.

மறுநாள் குழுவே கூடியிருக்க, "நல்லா பார்த்தீங்கல்ல?" என்றாள்.

"வரிக்கு வரி பார்த்தாச்சு."

அழிக்க வேண்டிய பெயரை அவள் தட்டினாள்: ‘திருமாறன் பழையது’. அவனுடைய ஓராண்டு வேலை இருந்த ஃபோல்டரின் பெயர் வெறும் ‘திருமாறன்’.

என்டர் மேல் விரலை வைத்துக்கொண்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அழிச்சிடவா?"