நட்பு வழிக் கல்வி

“நல்லா ஞாபகம் வெச்சுக்கோ மச்சான். நேத்து மாதிரி நடுவுல தடுமாறாத. இன்னிக்கு உங்க நைனா வேற வராரு.”

முதல் மணி அடிப்பதற்குள் சம்பத்தின் காதில் ஹமீது எதையோ ஓதி முடித்தான். சம்பத் கண்ணை மூடி, உதட்டை அசைத்து, ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

வராந்தாவில் போன தலைமை ஆசிரியர் கோபாலகிருஷ்ணன் அதைப் பார்த்துப் பூரித்துப் போனார். அடி வாங்குகிறவனே பாடம் சொல்லித் தருகிறான். இதுதான் அவர் கண்டுபிடித்த ‘நட்பு வழிக் கல்வி’. செங்கல்பட்டு ஆசிரியர் மாநாட்டில் அதைப் பற்றிப் பேசத் தொண்டையைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தார்.

கண்டுபிடிப்புக்குக் காரணம், கேளம்பாக்கத்து உப்பள முதலாளி லட்சுமணன். பள்ளிக்கூடத்தைக் கட்டித் தந்தவர். உயிரோடு இருக்கும்போதே அதற்கு ‘லட்சுமணன் மெமோரியல் இங்கிலீஷ் ஸ்கூல்’ என்று பெயரும் வைத்துக்கொண்டவர். மகன் சம்பத்தைச் சேர்த்த அன்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“எம் புள்ள மேல மட்டும் கை வெக்காதீங்க.”

பிரம்பு இறங்காமல் வாய்ப்பாடு ஏறாது என்பது கோபாலகிருஷ்ணனின் கொள்கை. ஆகவே யாராவது ஒருவன் அடி வாங்கியாக வேண்டும். கோவளம் பஸ் ஸ்டாண்டில் இடியாப்பம் விற்கும் பதருன்னிசாவின் மகன் ஹமீதுக்கு அங்கே இலவச இடம் கிடைத்தது இப்படித்தான்.

“சம்பத் தப்பு பண்ணா இவனுக்கு அடி விழும். சிநேகிதன் அடி வாங்கறதப் பாத்து அவனுக்குப் படிப்பு வரும்” என்று அவளிடம் விளக்கினார். “அவன் தேறுற வரைக்கும் உங்க பையன் இங்க சும்மாவே படிக்கலாம்.”

பதருன்னிசா மகனின் உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

“அடிங்க சார். இங்கிலீஷ் வந்தா போதும். இல்லாட்டி எங்கண்ணன் நூர்முகமது பங்ச்சர் ஒட்ட இவன இஸ்துகினு பூடுவாரு.”

அரைப் பரீட்சை நெருங்கியும் சம்பத் தேறவில்லை. ஒரு நாள் சொன்ன தப்பை மறுநாள் சொல்ல மாட்டான். தினம் ஒரு புதுத் தப்பு. அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு எதையும் யாரும் புதிதாக யோசித்ததாகத் தெரியவில்லை.

இன்று முதல் மணி அடித்ததும் லட்சுமணன் அம்பாசடரில் வந்து இறங்கினார். வகுப்பே ஒரே குரலில் எழுந்து வணக்கம் சொன்னது. ரயில்கூட நேரத்துக்கு வந்த அவசரநிலைக் காலம். பிள்ளைகளை ஒரே குரலில் கத்த வைப்பதா கஷ்டம்?

மகன் தேறி வருவதாக முதலாளிக்குக் காட்ட, தலைமை ஆசிரியர் சுலபமாகவே கேட்டார். “செவன் எய்ட்ஸ் ஆர்?”

சம்பத் ஹமீதைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான். “சிக்ஸ்டி த்ரீ சார்.”

கோபாலகிருஷ்ணன் திரும்புவதற்குள் ஹமீது கையை நீட்டிவிட்டிருந்தான். பிரம்பு இறங்கியது.

“இன்னா சார் இது? எம் புள்ள தப்பா சொன்னா அந்தப் பையன அடிக்கிறீங்க?”

கோபாலகிருஷ்ணன் தமது கல்வி முறையை விளக்கினார். லட்சுமணன் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில் அவர் முகம் தெளிந்தது.

“நல்லாத்தான் கீது. அப்போ இன்னும் ரெண்டு சேத்துப் போடுங்க. பையன் சீக்கிரம் தேறட்டும்.”

போட்டார். உள்ளங்கைத் தோல் பிய்ந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. ஹமீது அதை டவுசரில் துடைத்துக்கொண்டான். சம்பத்தான் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“பாத்தீங்களா, வேலை செய்யுது” என்றார் கோபாலகிருஷ்ணன், முதலாளியின் காதருகே.

இடைவேளையில், குழாயடியில் ஹமீது கையை நீட்ட, சம்பத் தண்ணீரைத் திறந்துவிட்டான். அவன் கண்ணிலும் தண்ணீர்.

“ரொம்ப எரியுதாடா?”

ஹமீது சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவன் காதருகே குனிந்தான்.

“நாளிக்குக் கேட்டா ‘செவன்டி டூ’ன்னு சொல்லு. பாவம் பாத்து ரைட்டா மட்டும் சொல்லிடாத, மச்சான்.”