மஞ்சள் லைட்டு

"கேட்டைத் தொற பத்திரகாளி! யாரு வந்திருக்கான்னு கண்ணு தெரியலையா?"

காரின் பின் சீட்டிலிருந்து வெள்ளைத்துரை முதலாளி கத்தினார்.

பத்திரகாளி கேட்டுச் சங்கிலியை விடவில்லை. எம். புதுப்பட்டிக்கு வெளியே இருக்கும் அந்தப் பட்டாசுக் கம்பெனியில் நாலு வருஷமாக அவள்தான் கேட் காவல். மடியில் தீப்பெட்டி இருக்கிறதா, பையில் செல்போன் இருக்கிறதா என்று துழாவிப் பார்த்துத்தான் யாரையும் உள்ளே விடுவாள். முதலாளி காரை மட்டும் இதுவரை மறித்ததில்லை.

"வண்டி உள்ள வர வேணாம் மொதலாளி. வண்டியிலருந்து கருகுற வாடை அடிக்குது. நீங்க எறங்கி நடந்து போயிருங்க."

"நடந்தா? ஆபீஸ்ல நாக்பூர் பார்ட்டி ஒரு மணி நேரமா உக்காந்திருக்கான். தீபாவளிக்கு முப்பது நாள்தான் கெடக்கு. இந்த ஆர்டர் போச்சுன்னா நீயா பிடிச்சுக் குடுப்ப?"

டிரைவர் மணிமுத்து மெல்ல வாயைத் திறந்தான். "சாத்தூர் தாண்டுனதுலருந்து இன்ஜின் லைட்டு எரியுது மொதலாளி. நானும் சொல்லிக்கிட்டேதான் வாரேன்..."

"மஞ்ச லைட்டுதானலே! செவப்பு எரிஞ்சாத்தான் பயப்படணும்."

"சும்மா எரிஞ்சா மெதுவா ஓட்டிப் போயி மெக்கானிக்கிட்ட காட்டலாம். இது விட்டு விட்டு எரியுது. அப்படி எரிஞ்சா உடனே நிப்பாட்டிரணும்னு வண்டி எடுக்கும்போதே சொன்னாக. இன்ஜின்ல எரியாத பெட்ரோலு சைலன்சருக்குப் போயி அங்கன எரியுமாம். அடிப்பக்கம் பழுக்கக் காஞ்சிரும்."

சொல்லிக்கொண்டே சாவியில் கை வைத்தான்.

"ஆஃப் பண்ணாத! ஏ.சி. நின்னுரும்."

முதலாளிக்கு ஏ.சி. இல்லாமல் ஐந்து நிமிஷம் ஆகாது. ஷெட்டுகளில் ஃபேன்கூட இல்லாமல் அறுபது பெண்கள் வேலை பார்ப்பது வேறு விஷயம்.

கேட்டுக்கு உள்ளேயிருந்து ஹாரன் சத்தம். பட்டாசு லோடு ஏற்றிய லாரி வெளியே வரக் காத்து நின்றது. அதற்கு வழிவிட மணிமுத்து காரைப் பின்னால் எடுத்து, ரோட்டோரம் காய்ந்து கிடந்த புல்லில் நிறுத்தினான்.

முதலாளி கண்ணாடியை இறக்கினார்.

"லாரி வெளிய வந்ததும் நான் உள்ள போறேன். மறிச்ச, நாளையிலருந்து உனக்கு இங்கன வேலை கெடையாது."

பத்திரகாளி சம்பளத்தை நம்பி வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் கேட்டுக்கு அந்தப் பக்கம் அறுபது பேர் வெடிமருந்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மாசாமாசம் மீட்டிங்குல நீங்கதான சொல்றீக, 'கேட்டுல பத்திரகாளி வச்சதுதான் சட்டம், நானே வந்தாலும் மறி'ன்னு. மறிச்சிட்டேன். வேலைய விட்டு நிறுத்துறதுன்னா நிறுத்திக்கோங்க."

லாரிக்காரன் மறுபடியும் ஹாரன் அடித்தான். அவள் சங்கிலியைக் கழற்றிக் கேட்டைப் பாதி திறந்தாள்.

அப்போதுதான் காருக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது.

"ஏய், லாரிய உள்ள எடு! பின்னால போ, பின்னால போ!"

கேட்டை இழுத்துச் சாத்திவிட்டு மணல் வாளியோடு ஓடினாள். மணிமுத்து இன்ஜினை அணைத்துவிட்டுக் குதித்து, முதலாளியைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தான். புல் குப்பென்று பற்றிவிட்டது. ஒரு வாளி மணல், ரெண்டு வாளி மணல். மிச்சத்தைத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள்.

மணிமுத்து குனிந்து பார்த்தான். வண்டிக்கு அடியில் சைலன்சர்க் குழாய் செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருந்தது.

"இந்த வண்டி மட்டும் என் லோடுகிட்ட வந்திருந்தா..." என்று ஆரம்பித்த லாரிக்காரன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

முதலாளி வேர்த்து ஊற்ற ஆபீஸுக்கு நடந்து போனார். தன் வேலை போனது போனதுதான் என்று பத்திரகாளி தூக்குவாளியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் எல்லோரையும் ஆபீஸ் முன்னால் கூட்டினார்கள். பெரிய அதிகாரிகள் வந்தால் போடுவதற்கென்று பீரோவில் வைத்திருந்த சால்வையை எடுத்து முதலாளியே அவளுக்குப் போர்த்திவிட்டார்.

"இந்தம்மா மட்டும் பயந்துக்கிட்டுக் கேட்டைத் தொறந்திருந்தா, இன்னைக்கு நாம ஒருத்தரும் இங்கன நிக்க மாட்டோம். மொதலாளின்னுகூடப் பாக்காம மறிச்சா பாருங்க, அதுதான் கடமை! இந்தக் கம்பெனிக்கு இவதான் காவல் தெய்வம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பத்திரகாளி சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படி ஆள் வைத்திருக்கிற கம்பெனியை நம்பலாம் என்று நாக்பூர் பார்ட்டி அங்கேயே ஆர்டரில் கையெழுத்துப் போட்டான்.

கூட்டம் கலைந்தது. காரைப் பார்க்கச் சாத்தூரிலிருந்து வந்திருந்த மெக்கானிக் தவுபிக், கையைத் துடைத்துக்கொண்டே முதலாளியிடம் வந்தார்.

"பிளக்குக்குக் கரண்ட் குடுக்குற காயில் போயிருச்சு அண்ணாச்சி. கட்டி இழுத்துட்டுப் போயி மாத்தித் தாரேன். மறுபடி அந்த லைட்டு எரிஞ்சா மட்டும்..."

"அந்த பல்பையே கழட்டிருங்க."

"கழட்டிட்டா, அடுத்த தடவ கோளாறு வந்தா எப்படித் தெரியும்?"

"எல்லாப் பயலும் பாக்க ரோட்டுல நின்னேனே, அது போதும்."

பிறகு முதலாளி போர்மேன் காளிராஜைத் தனியாக அழைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"பத்திரகாளிய நாளையிலருந்து உள்ள, திரி வெட்டுற ஷெட்டுக்கு மாத்திரு. கேட்டுக்கு, என் ஹாரன் சத்தம் கேட்டதும் தொறக்குற ஆளாப் பாத்துப் போடு."