வேண்டுமென்றே தோற்றவள்

"இவ வேணும்னேதான் தோத்திருக்கா. பாத்தாலே தெரியுதே," என்றார் பிரிவுத் தலைவர்.

விசாரணை அதிகாரி கம்ப்யூட்டரில் ஆட்டத்தின் பதிவை மறுபடியும் ஓடவிட்டாள்.

இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். 'இடி' என்ற பெயரில் ஆடும் பெண், கூட்டாளிகள் நாலு பேரும் கோட்டையைக் காத்துக்கொண்டிருக்க, தன்னந்தனியாக எதிரியின் வாசலுக்கு நடந்துபோய்ச் சாகிறாள். உயிர் திரும்பி வந்ததும் மறுபடி அதே வாசல். ஒரே ஆட்டத்தில் பத்தொன்பது தடவை.

அந்த அலுவலகத்தில் ஏழெட்டுப் பேருக்கு இதுதான் பிழைப்பு. ஆன்லைன் ஆட்டத்தில் ஒருவர் தோற்றது ஆடத் தெரியாமலா, வேண்டுமென்றேயா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். தெரியாமல் தோற்றால் தரவரிசையில் ஒரு படி இறங்குவதோடு சரி. தெரிந்தே தோற்றால் நிரந்தரத் தடை.

புகார் கொடுப்பவர்கள் எழுதி அனுப்புவதை அங்கே யாரும் படிப்பதில்லை. எல்லாம் கெட்ட வார்த்தையாக இருக்கும், படித்தால் மதியச் சாப்பாடு இறங்காது. ஆட்டத்தைப் பார்ப்பார்கள், சம்பந்தப்பட்ட ஆளிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள், கதையை முடித்துவிடுவார்கள்.

"போன வருஷம் வரைக்கும் இவ முதல் நூறு பேர்ல ஒருத்தி சார். இப்ப அடிமட்டத்துல கிடக்கா."

"கொழுப்பு. நாலு பேர் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கறதுல சில பேருக்கு ஒரு சுகம். கூப்பிட்டுக் கேட்டுட்டுத் தூக்கி வெளிய போடுங்க."

அதிகாரி போன் செய்தாள். பின்னால் இன்ஜின் இரைச்சல். பஸ் ஓட்டுகிறவளாம்.

"சீக்கிரம் கேளுங்க மேடம். பத்து நிமிஷத்துல வண்டியை எடுக்கணும்."

"வேணும்னே தோக்கறீங்களா?"

"ஆமா."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். இந்த வேலைக்கு வந்த ஆறு வருடத்தில் அவள் கேட்ட முதல் 'ஆமா' இது. மற்றவர்கள் நெட் போய்விட்டது என்பார்கள், பூனை கீபோர்டில் ஏறிவிட்டது என்பார்கள்.

"ஏன்?"

"என் தம்பிக்கு நரம்புல வியாதி மேடம். கை ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருக்கு. சின்ன வயசுலேர்ந்து ரெண்டு பேரும் ஜோடியாத்தான் ஆடுவோம். இப்ப அவன் சிரிக்கறதே சாயங்காலம் அந்த ஒரு மணி நேரம்தான். ரெண்டு படிக்கு மேல வித்தியாசம் இருந்தா சேர்ந்து ஆட முடியாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டு வச்சிருக்கீங்க? அவன் இறங்கிக்கிட்டே இருக்கான். நான் மட்டும் மேல உக்காந்துகிட்டு என்ன பண்றது?"

அதனால் தினமும் காலையில், வேலைக்குக் கிளம்புமுன் தனியாக ஓர் ஆட்டம் ஆடித் தோற்றுவிட்டு வருகிறாள்.

"புதுப் பேர்ல, கீழேயிருந்து ஆரம்பிக்கலாமே?"

"எனக்காகவா நீ இறங்கி வந்தேன்னு கேப்பான். கேட்ட அன்னையோட நிறுத்தியும் போடுவான், அவ்வளவு ரோஷம். எனக்கும் வயசாகுது, கண்ணு முன்ன மாதிரி இல்லடான்னு சொல்லி வச்சிருக்கேன். நம்பிக்கிட்டிருக்கான்."

"சரி, உங்களோட ஆடற அந்த நாலு பேர் என்ன பாவம் பண்ணாங்க?"

"ஒரு பாவமும் பண்ணல. அதனாலதான் எவ்வளவு திட்டினாலும் வாயைத் திறக்காம வாங்கிக்கறேன். தப்பு என் மேல. அவங்க புகார் குடுக்கட்டும், நியாயம்தான்." அவள் குரல் சட்டென்று ஏறியது. "ஆனா யாரோ ஒருத்தன் ஒரு நாள் விடாம குடுத்திருக்கான்னு உங்க நோட்டீஸ்ல போட்டிருந்துச்சே. முப்பத்தோரு நாள், முப்பத்தோரு புகார். அப்படி என்ன வன்மம்? அவன் கை விளங்காமப் போக."

சொன்ன வேகத்தில் நிறுத்திக்கொண்டாள். எந்த வார்த்தை தன் வாயில் வரவே கூடாதோ அது வந்துவிட்டது.

"தடை பண்ணிடாதீங்க மேடம்," என்றாள் அப்புறம், தணிந்த குரலில். "இன்னும் ஆறு மாசம் விரல் அசைஞ்சாலே பெரிசுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதுவரைக்கும் விட்டுடுங்க."

அதிகாரி போனை வைத்தாள். விதியைப் பார்த்தால் தடை. பாவம் அந்த நாலு பேர், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. தலைவர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும் என்று 'விடுவிக்கவும்' என்பதை அழுத்தினாள்.

அதிகமுறை புகார் கொடுத்தவருக்குக் காரணம் எழுதி அனுப்பினால்தான் விடுவிக்க முடியும் என்றது கம்ப்யூட்டர்.

எழுதினால் போச்சு. முப்பத்தோரு நாளும் மல்லுக்கட்டிய அந்த மகானுபாவனுக்கு நறுக்கென்று நாலு வார்த்தை எழுதத்தான் வேண்டும். அப்படி என்னதான் திட்டியிருக்கிறான் என்று, வழக்கத்துக்கு மாறாக, அவன் எழுதியிருந்ததைத் திறந்தாள்.

கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. முப்பத்தொன்றிலும் ஒரே வாசகம்தான்.

"இவங்க வேணும்னே தோக்கறாங்க. தினமும் காலைல நாலு பேர் இவங்களை அசிங்க அசிங்கமா திட்டறாங்க. ஸ்பீக்கரைக் குறைச்சு வச்சாலும் பக்கத்து ரூம்ல படுத்திருக்கற எனக்குக் கேக்குது. தயவுசெஞ்சு தடை பண்ணிடுங்க. நான் சொன்னா கேக்க மாட்டா, எங்க அக்கா."