அஞ்சாவது சீட்டு

நாலு சீட்டு போடச் சொன்னதற்கு, கல்யாணப் பெண் அஞ்சு சீட்டு போட்டு அனுப்பியிருந்தாள். அதுவும் கல்யாணத்தன்று மத்தியானமே மலைக்குக் கிளம்புகிற பஸ்ஸில்.

அண்ணி செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. அஞ்சாவது பெயர் மாமியாருடையது, அதாவது கல்யாணப் பெண்ணின் அம்மாவுடையது.

கல்யாணப் பெண்ணுக்கு ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் கவுன்ட்டர் வேலை. அவளும் அம்மாவும் மட்டும் சொந்த ஊரில். அண்ணன் குடும்பம் பிழைப்புக்காக வேறு ஊரில். கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கும்போதும், மலைக்கு டிக்கெட்டை நானே போட்டுத் தருகிறேன் என்று வலிய வந்து வாங்கிக்கொண்டவள் அவள்தான். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளைக்கு ஊர் மலையடிவாரம் என்று கேள்விப்பட்ட நிமிஷமே அண்ணிக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப் போய்விட்டது. முகத்தை அப்புறம்தான் போட்டோவில் பார்த்தாள்.

கல்யாணமும் அங்கேயேதான். தங்கை கல்யாணம் என்றால் வெல்டிங் பட்டறையில் புருஷனுக்கு லீவு கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த லீவின் வாலைப் பிடித்துக்கொண்டு அப்படியே மலை ஏறிவிடலாம். அண்ணிக்குக் கல்யாணமான நாளிலிருந்து, புருஷன் பிள்ளைகளோடு சேர்ந்து போகிற முதல் ஊர் சுற்றல்.

வீடு ரெண்டு பட்டது. பெரியவள், குளிருக்குப் பழகுகிறேன் என்று ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரில் நின்றாள். சின்னவள் கொளுத்துகிற வெயிலில் கம்பளித் தொப்பியோடுதான் விளையாடப் போனாள். புருஷனாவது நிதானமாக இருக்கிறானே என்று பார்த்தால், அவனும் பட்டறையில் எதிர்ப்பட்டவரை எல்லாம் நிறுத்தி, மேகம் கைக்கு எட்டுமாமே, நிஜமா என்று விசாரித்துக்கொண்டிருந்தானாம்.

இதற்கு நடுவில் அஞ்சாவது சீட்டு.

மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் கூட வந்தால், காது அடைக்கிறது என்பார், முழங்கால் இழுக்கிறது என்பார், பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும் என்று ஜன்னலைச் சாத்தச் சொல்வார். ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருவதற்கு வீடு போதாதா?

சேதி சொந்தக்காரர்களுக்கும் எட்டியது. ஒரு சித்தி போன் போட்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். "கல்யாணச் சாப்பாடு ஆறுறதுக்குள்ள பெத்தவளை பஸ் ஏத்தி விடறாளாம். தொல்லை விட்டுதுன்னு நினைச்சுட்டா போல."

அண்ணி மறுத்துப் பேசவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மாமியாரிடமே சொல்லி நிறுத்திவிடலாம் என்று அவருக்குப் போன் போட்டாள். அவரோ இவளை வாய் திறக்க விடவில்லை. மலைக்கென்று புதுசாகக் காலுறை வாங்கிவிட்டாராம். பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாருக்கும் காட்டியாகிவிட்டதாம்.

"ரெண்டு பிள்ளைங்களையும் வச்சுக்கிட்டு உன்னால தனியாச் சமாளிக்க முடியாது, நான் வந்தே ஆகணும்னு நின்னியாமே. இவ சொன்னா. கல்யாண வீட்டைப் போட்டுட்டு எப்படி வர்றதுன்னுதான் பார்த்தேன். நீ இவ்வளவு ஆசையாக் கூப்பிடறப்போ வராம இருக்க முடியுமாம்மா?"

அண்ணி காலுறை என்ன நிறம் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்தில், அலங்கார அறையில் கல்யாணப் பெண் தனியாக மாட்டினாள். அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏண்டி, உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்னு நான் எப்போ கேட்டேன்?"

"கேக்கலை அண்ணி. நீங்க கூப்பிட்டாத்தான் வருவாங்க. நான் சொன்னா, வேலை கிடக்குன்னு வீட்டுக்கு ஓடிடுவாங்க."

"ஓடட்டுமே. அவங்க வீடுதானே?"

கல்யாணப் பெண் வளையல்களைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கவுன்ட்டர்ல உட்கார்ந்து எத்தனையோ அம்மாங்களைப் பார்த்துட்டேன் அண்ணி. பொண்ணு கல்யாணத்துக்குப் போறப்போ ரெண்டு டிக்கெட்டுன்னு தெருக்கோடிக்குக் கேக்கற மாதிரி கேப்பாங்க. திரும்பி வர்றதுக்கு ஒரு டிக்கெட். அதை அவங்களால வாயால கேக்க முடியாது. விரலைத்தான் காட்டுவாங்க. எங்கம்மா அப்படி நிக்கக் கூடாது."

வெளியே பிள்ளைகள் மலை, மலை என்று கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது.

"சரி, மலையிலேர்ந்து இறங்கறதுக்கு எப்படிப் போட்டிருக்கே?" என்றாள் அண்ணி.

"உங்க ஊருக்கு நாலு. அம்மாவுக்கு எங்க ஊருக்கு…"

கல்யாணப் பெண் ஒரு விரலைக் காட்டினாள்.

அண்ணி அந்த விரலைப் பிடித்து மடக்கினாள்.

"அதை கேன்சல் பண்ணு. எங்க ஊருக்கே அஞ்சாப் போடு. பள்ளிக்கூடம் திறக்கற வரைக்கும் அத்தை எங்களோடதான். ஏன்னு கேட்டா, அண்ணி ஒத்தக் கால்ல நின்னாங்கன்னு சொல்லு. இந்தத் தடவை நீ பொய் சொன்னதா ஆகாது."