மூன்று கைப்பிடிகள்

ஈரப் படுக்கைவிரிப்புகளைத் தூக்கித் தூக்கி அவளுக்குத் தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலிக்கிறது. மேஸ்திரி இப்போது விட்ட அறையில் இடது கன்னமும் காந்துகிறது. சலவைக்கூடம் முழுக்க நீராவி. வேலையில் என்ன கற்க வேண்டும் என்பதை இனி அவரவரே எழுதலாம் என்று அலுவலகம் கொடுத்த தாளில், ‘இஸ்திரி உருளையை நிறுத்த’ என்று அவள் எழுதியிருந்தாள்.

“துணி போடுறவளுக்கு மெஷின் கேக்குதோ?”

தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, உருளையில் மடங்கிப் போகும் விரிப்பை மேஸ்திரி வெடுக்கென்று இழுக்கிறான். விரிப்போடு அவன் சட்டைக்கையும் உள்ளே போகிறது.

“ஐயோ, நிறுத்துடி!”

தோல் பொசுங்கும் வாடை. அவள் சுவரோரம் ஓடுகிறாள். அங்கே ஒரே மாதிரி மூன்று கைப்பிடிகள். ஒன்று வேகத்தைக் கூட்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

“எது மேஸ்திரி? சொல்லிக் கொடுங்க.”

“நடுவுல... நடுவுல இருக்கறத கீழ இழு தாயே!”

இழுக்கிறாள். உருளை முனகிக்கொண்டு நிற்கிறது. வெந்த கையை வெளியே உருவி நெஞ்சோடு அணைத்து அவன் தரையில் சரிகிறான். ஆட்கள் ஓடி வருகிறார்கள். கசங்கிய தாளை எடுத்து நீவி, எழுதியதைப் பென்சிலால் அடிக்கிறாள். அது கற்றாயிற்று. மேஸ்திரிக்கு அவள் திருப்பித் தர வேண்டிய ஓர் அறை மட்டும் இன்னும் பாக்கி.