பன்னிரண்டு சதவீத வட்டி

இந்தக் காலத்தில் கழுத்தில் டை தொங்கினால் போதும், அவன் சொல்வதையெல்லாம் ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். எலியா அந்த ரகம் இல்லை. ரப்பர் மரம் விற்ற மூன்று லட்சம் இருந்த பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, நெய்யாற்றின்கரையில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் மனைவி ரத்னபாயோடு உட்கார்ந்திருந்தார்.

"பன்னிரண்டு சதவீதம் வட்டியாக்கும். பாங்கில இவ்வளவு கிட்டாது," என்றான் மேசைக்கு அந்தப் பக்கம் டை கட்டியிருந்த அஜீஷ்.

"கம்பெனியப் பூட்டிட்டுப் போனா?"

"பூட்டாது. இந்த மாசம் மூணு லெட்சம் டெப்பாசிட் பிடிக்கல்லேன்னா எனக்க வேலைதான் போவும்."

"எனக்கு வேற சம்பாத்தியம் கிடையாதுலே. நேரே கேக்கேன். ஒனக்க அம்மைக்க தாலிச்செயினை வித்து இதில போடுவியா?"

அஜீஷ் வியர்வையைத் துடைத்தான். "போட்டாச்சு. ஆறு மாசம் ஆவுது."

எலியா சடாரென்று ரத்னபாயின் பக்கம் திரும்பினார். "எடியே, அப்போ ஒனக்க கழுத்தில கிடக்கது?"

"கவரிங். நம்ம பிள்ளைக்க வேலை போவப்பிடாதில்லியா," என்றாள் அவள், தலை நிமிராமல்.

"அப்பா, வட்டி மொடங்காம வருது. இனியாவது நம்புங்க!" என்றான் அஜீஷ்.

எலியா பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"வட்டி கிடக்கட்டும். செயினைக் கொண்டு வா, பெறவு நம்புதேன்."

அதையும் உரசிப் பார்க்காமல் நம்பக் கூடாது என்று எண்ணியபடியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.