பதினோரு கட்டைவிரல்கள்

பதிவறையின் கதவு காற்றில் அறைந்து சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து திறக்கப் போன சற்குணத்தின் கையோடு கைப்பிடி கழன்று வந்துவிட்டது. உடனே யாரையாவது போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் போன வாரம்தான், புதிதாகச் சேர்ந்த ரெஜினா, "சார், திடீர்னு கால் பண்ணா பக்குனு இருக்கு, எதுன்னாலும் குரூப்ல மெசேஜ் போட்டுடுங்க" என்று சொல்லியிருந்தாள். முப்பத்தோரு வருட சர்வீசில் அவர் யாருக்கும் தொந்தரவு கொடுத்ததில்லை. அலுவலகக் குழுவில், தினமும் காலையில் எழுதுவதுபோலவே, 'அனைவருக்கும் அன்பான வணக்கம்' என்று ஆரம்பித்து, ரோஜாப்பூ வைத்து, நலம் விசாரித்து, நான்காவது வரியில் உள்ளே மாட்டிக்கொண்டதையும் மூச்சு முட்டுவதையும் சொன்னார். ஒரே நிமிடத்தில் பதினோரு கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. ஆள் யாரும் வரவில்லை. வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. "சாயங்காலமும் வணக்கம் போட ஆரம்பிச்சுட்டாருடி நம்ம சற்குணம் சார்!" என்று ரெஜினா யாரிடமோ சொல்லிச் சிரித்தபடி கதவைக் கடந்து போனாள். தட்ட ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. இப்போது தட்டினால் பாவம், அந்தப் பிள்ளைக்குச் சங்கடமாகிவிடும். சத்தம் ஓய்ந்ததும் மறுபடி எழுதினார்: 'கதவைத் திறங்க.' படித்துப் பார்த்தார். அதிகாரம் பண்ணுவதுபோல் இருந்தது. போனில் நான்கு சதவீதம் சார்ஜ்தான் மிச்சம். வியர்த்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அந்த வரிக்கு மேலே, ஒரு ரோஜாப்பூவோடு, 'அனைவருக்கும் அன்பான வணக்கம்' என்று சேர்த்தார்.